லாபம், ரெண்டு, மூணு

அந்தப் பையைக் கீழே வைக்காதீர்கள் தம்பி. பஸ் தரை முழுக்கப் பொரியும் சந்தனத் தண்ணீருமாகக் கிடக்கிறது. ஆயுத பூஜை என்றால் வாழைக்கன்று கட்ட மறக்க மாட்டார்கள், தரையைத் துடைக்க மட்டும் மறந்துவிடுவார்கள். என் மடியில் வையுங்கள். பரவாயில்லை, வையுங்கள். புதுப் பை. விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. குழந்தைக்கா? நாளைக்கு விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறீர்களா? நல்லது. ரொம்ப நல்லது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் வீட்டுக்காரி பாப்பாத்தியைக் கேட்டால், "இந்த மனுசன் வாயத் தொறக்கறது காய் எண்ணறதுக்கும் சோறு திங்கறதுக்குந்தான்" என்பாள். உண்மை. ஆனால் இந்தப் பையைப் பார்த்ததும் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பொள்ளாச்சி எல்லை தாண்டிவிட்டோம், கிணத்துக்கடவு வருவதற்குள் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

நாளைக்குக் குழந்தையை யார் மடியில் உட்கார வைத்து எழுத வைக்கப் போகிறீர்கள்? அதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பை, தண்ணீர் பாட்டில், பூட்ஸு எல்லாம் கடையில் கிடைக்கும். மடி விஷயம் அப்படி இல்லை. அந்த விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மூன்று வருஷமாக என் சம்பந்தி முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் சுற்றுகிறேன். இப்போதும் அவர் வீட்டுக்குத்தான் போகிறேன் என்றால் பாருங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் நாட்ராயன். தேங்காய் மண்டியில் காய் எண்ணுகிறவன். ஒவ்வொரு கையிலும் ஒரு காய் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சு. வீச்சுக்கு ஒரு எண். மூன்று பேர் பக்கத்தில் நின்று சண்டை போட்டாலும் எனக்கு எண் தவறாது. மற்ற எல்லாம் தவறும். பத்து பேர் இருக்கிற இடத்தில் என்னை ஒரு வார்த்தை பேசச் சொன்னால் காது சிவந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

எங்கள் தொழிலில் ஒன்று என்கிற எண் கிடையாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நெல் அளக்கிறவர்களும் அப்படித்தான். முதல் வீச்சுக்கு 'லாபம்' என்போம். அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. ஒன்று என்று ஆரம்பித்தால் வியாபாரம் அந்த ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். விடலைப் பையனாக மண்டிக்குள் நுழைந்தவன் நான். அதற்கப்புறம் என் வாயிலிருந்து அந்த எண் வந்ததாக நினைவே இல்லை. தட்டில் இட்லி விழுந்தாலும் லாபம்தான். ஒரு தடவை பல் பிடுங்கப் போனேன். டாக்டரம்மா, "மூணு வரைக்கும் எண்ணுங்க, வலி தெரியாது" என்றார்கள். நான் "லாபம்" என்றேன். அந்தம்மா கையில் குறட்டோடு, "ஆருக்குங்க?" என்று கேட்டார்கள்.

சரி. என் மகள் கோகிலா கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூத்த குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பேத்தி பெயர் தர்ஷிகா. அந்த ஷி எனக்குச் சரியாக வராது என்பதால் நான் அம்மிணி என்று கூப்பிடுவேன். அவள் என்னை அப்புச்சி என்பாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவைப் பெற்றவர் என்றால் அப்பாரு.

மகளுக்கு வயிறு இறங்கியிருந்தது. பாப்பாத்திக்கு வீட்டு வேலை. குழந்தையை யார் பார்ப்பது? நான்தான். காலையில் டிவிஎஸ் வண்டியில் முன்னால் நிற்க வைத்து மண்டிக்குக் கூட்டிப் போவேன். மட்டைக் குவியல் மேல் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்கு எண்ணுவேன். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை தம்பி. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்லுவேன். அவள் பாட்டுக்குக் கேட்டாள். பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைத் தொட்டுத் தொட்டு, "லாபம், ரெண்டு, மூணு, நாலு! அப்புச்சி, ஆட்டுக்கு நாலு காலு!" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியில் எல்லோரிடமும் அவளை எண்ண வைத்துக் காட்டினேன். "நாட்ராயண்ணா, உங்க எடத்துக்கு ஆளு வந்தாச்சு. நீங்க ஊட்டுல போயிப் படுத்துக்கலாம்" என்றார்கள். நான் இளித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மாசம் நான் இளித்த இளிப்புக்குத்தான் இன்றைக்கு வரை அனுபவிக்கிறேன்.

பிரசவமும் நல்லபடியாக ஆனது. பேரன், இனியன். அப்புறம் ஒரு நாள் சம்பந்தி போன் செய்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரி வாத்தியார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தும்பைப்பூ மாதிரி சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் வந்தால் பெஞ்சு நாற்காலிகூட எழுந்து நிற்கும். அவர் வீட்டம்மா அதற்கு முந்தின வருஷம்தான் தவறிப்போயிருந்தார்கள். மகன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார், பேப்பர் படிக்கிறார், மறுபடியும் அதே பேப்பரைப் படிக்கிறார். எனக்கு அவரோடு பேசவே நடுக்கம். அவர் "சாப்பிட்டீங்களா சம்மந்தி?" என்று கேட்டாலே நான் தப்பாகப் பதில் சொல்லிவிடுவேனோ என்று யோசிப்பேன்.

போனில் சொன்னார்: "சம்மந்தி, விஜயதசமிக்கு நம்ம தர்ஷிகாவைப் பள்ளியில சேத்துடலாம்னு இருக்கறோம். அங்கயே ஹால்ல அரிசியில எழுத வெக்கறாங்க. நீங்க எல்லாரும் வந்தரோணும்."

"ஆகட்டுங்க."

"எங்க ஊட்டு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. எழுதின அரிசியக் கொழந்தையே மூணு கைப்பிடி எண்ணிப் பாத்தரத்துல போடோணும். அதுல பொங்கல் வெச்சு எல்லாரும் திங்கோணும். என் மகனுக்கும் அப்படித்தான் செஞ்சோம். டீச்சர்கிட்டச் சொல்லி அதையும் அங்கயே செஞ்சரலாம். ஏனுங்க, கொழந்த எண்ணுதுங்களா?"

"எண்ணுதுங்க. இருவது வரைக்கும் எண்ணுதுங்க."

"சபாஷ்! நம்ம மடியில உக்கார வெச்சு, எல்லாரும் கேக்கறாப்பல எண்ண வெச்சுப்போடலாம்."

எனக்கு ஒரே பெருமை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் கொடியடியில் அம்மிணி துணி மாட்டுகிற கிளிப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு..." என்கிறாள்.

அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? எனக்கு அது சரியாகத்தானே கேட்டது!

பள்ளிக்கூட ஹால். நூறு குடும்பம். தலைமையாசிரியர் பேத்தி. முதல் நாள், முதல் எண். 'லாபம்.' நினைத்துப் பார்த்தேன், அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளிடம் சொல்லலாமா? "குழந்தையை மூன்று மாசம் கொடுத்தேன், இப்படிக் கெடுத்துவிட்டீர்களே" என்று கேட்டுவிடுவாள். பாப்பாத்தியிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும். நானே கமுக்கமாகச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லு."

"ஒண்ணு."

"என் தங்கம். அப்பறம்?"

"லாபம்."

கேட்டீர்களா? ஒண்ணு, லாபம், ரெண்டு, மூணு. இது முன்னதைவிட மோசம். அன்று சாயங்காலம் ஆட்டுக்குட்டியை எண்ணினாள். அதற்கு மூன்று கால்தான் மிஞ்சியது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது, எப்படிப்பட்ட நிலைமை பாருங்கள்.

கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாயையும் "லாபம், ரெண்டு" என்று எண்ணித்தான் வாங்கினாள். சரி, நான் எண்ணுவதைக் கேட்டுத்தானே அவளுக்கு வந்தது, நானே மாற்றி எண்ணினால் மாறிவிடும் என்று நினைத்தேன். அதில்தான் இன்னொரு கஷ்டம். எனக்கு வாயில் வரவில்லை! கையில் எதையாவது எடுத்துவிட்டால் போதும், வாய் பாட்டுக்கு லாபம் என்றுவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு, கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி மெதுவாக, "ஒ...ண்...ணு" என்று இறக்குவேன். அம்மிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அப்புச்சி தப்பு! அப்புச்சி தப்பு!" என்று கை தட்டுவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு வியர்த்துக் கொட்டும்.

சந்தில் தனியாக நின்று பழகினேன். பாப்பாத்தி பார்த்துவிட்டாள். "என்னுங்க, ஆருகிட்டப் பேசறீங்க? இத்தன வருசமா எண்ணி எண்ணிச் சம்பாரிச்ச மனுசனுக்கு ஒண்ணு சொல்ல வரலையாக்கும்? இது தெரிஞ்சிருந்தா எங்கப்பன் பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு" என்றாள். மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அப்பா, அவகிட்ட ரகசியமா என்ன குசுகுசுங்கறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அந்த நேரத்தில் மட்டும் அது எத்தனை சரளமாக வருகிறது பாருங்கள்.

விஜயதசமியும் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். கரடி வேஷம் போட்ட ஒருத்தன் குழந்தைகளுக்கெல்லாம் கை கொடுத்தான். கை கொடுத்த குழந்தையெல்லாம் வீறிட்டு அழுதது. 'என் முதல் நாள்' என்று எழுதிய பெரிய அட்டைச் சட்டத்துக்குள் தலையை நுழைத்துக் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை என்னையும் பிடித்து நிறுத்தினார். அந்தப் போட்டோவில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். நான் கரடியைப் பார்க்கிறேன்.

ஹாலில் பாய் விரித்து, குடும்பத்துக்கு ஒரு தாம்பாளத்தில் அரிசி வைத்திருந்தார்கள். சம்பந்தி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டிக் கரை குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று மடிமேல் புதுத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டார். எல்லாம் முறை தெரிந்தவர். காலையிலேயே மகளிடம், "தர்ஷிகாவுக்கு எந்தச் சாக்லெட்டு புடிக்கும்மா?" என்று கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், பேனாக்களுக்குப் பக்கத்தில்.

நான் எங்கே உட்கார்ந்தேன் என்கிறீர்கள்? தூணுக்குப் பின்னால். கடைசி வரிசைக்கும் கடைசி. நடக்கப்போவது என்ன என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

மகள் குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். அவர், "வாங்க கண்ணு" என்று விரலைப் பிடித்தார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கரடி வேறு உள்ளே வந்துவிட்டது. உதடு பிதுங்கியது. "அப்புச்சி எங்க?" என்றாள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். என் காது நீளம் தம்பி, மறைக்க முடியாது. "அங்க!" என்று கத்திக்கொண்டு அவர் மடியிலிருந்து குதித்து, இரண்டு தாம்பாளத்தை மிதித்து, ஓடி வந்து என் மடியில் ஏறிவிட்டாள்.

"எறங்கு சாமி, அப்பாருகிட்டப் போ" என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மைக் வைத்திருந்த டீச்சர், சின்னப் பெண், "பரவால்லைங்க தாத்தா, நீங்களே வெச்சுக்குங்க" என்று தாம்பாளத்தை என்னிடம் கொண்டு வந்துவிட்டது. ஹால் முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கிறது.

எழுத்து எப்படியோ முடிந்தது. நான் விரலைப் பிடித்து எழுத வைத்த அந்த 'அ' சுருண்ட மரவட்டை மாதிரி வந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் டீச்சர், "இப்ப பாப்பா மூணு கைப்பிடி அரிசி போடப் போறாங்க. சொல்லிக்கிட்டே போடணும், சரியா?" என்று மைக்கை அவள் வாயருகே கொண்டு வந்தது.

எனக்கு ஒரு யோசனை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அவள் என் பின்னாலேயே ரெண்டு, மூணு என்று போய்விடுவாள் அல்லவா? நல்ல யோசனைதான். அவள் அரிசியை அள்ளினாள். நான் மூச்சை இழுத்து, "ஒண்ணு!" என்றேன்.

மைக் இருப்பதை மறந்துவிட்டேன். குரலும் மண்டிக் குரல். லாரி மேல் நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டிய குரல். ஹாலில் இருந்த ஸ்பீக்கர் எல்லாம் கீச்சிட்டது. கைக்குழந்தைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அழ ஆரம்பித்தன. கரடி தலையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தது.

அம்மிணி திரும்பி, அரிசிக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "தப்பு அப்புச்சி! லாபம்னு சொல்லோணும்!" என்றாள். மைக்கில்தான். அப்புறம் அவளே கம்பீரமாக, "லாபம்... ரெண்டு... மூணு" என்று போட்டு முடித்தாள்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. டீச்சர் சிரித்தது. மாப்பிள்ளை எடுத்த வீடியோவில் பாதிக்கு மேல் ஹால் கூரைதான் தெரிகிறது, அவ்வளவு குலுங்கியிருக்கிறார். மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் மீசையில் அரிசியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒருத்தர் சிரிக்கவில்லை. சம்பந்தி. மடியில் விரித்த துண்டை எடுத்து, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாக்லெட்டையும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது அது உருகி, வெள்ளைச் சட்டையில் பேனா மை ஒழுகின மாதிரி ஒரு கறை. கோபத்தில் மனிதருக்கு அதுகூடத் தெரியவில்லை.

நான் பக்கத்தில் போய், "தப்பா நெனச்சுக்காதீங்க சம்மந்தி" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் இல்லீங்க. கொழந்த உங்ககிட்டத்தான வந்துச்சு" என்றார். எப்படி இடம் பார்த்துக் குத்தினார் பார்த்தீர்களா? உங்களிடம் வந்ததால்தான் இப்படி ஆனது என்று அர்த்தம். படித்தவர்கள் திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள். பொங்கலையும் இரண்டு வாய் தின்றுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் ராத்தங்குவது இல்லை. பண்டிகைக்குப் போனால் மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். அவர் விடுகிறாரா? போன பொங்கலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க சம்மந்தி, அன்னிக்கு மண்டிக்குக் கூட்டிட்டுப் போயி என்ன செய்வீங்க? என்ன பேசுவீங்க? எப்படி உங்ககிட்ட அத்தன ஒட்டிக்கிச்சு?" என்று விசாரிக்கிறார். குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. நான் "சும்மா எண்ணுவனுங்க" என்றேன். இரண்டு மாசம் போனதும் மண்டிக்கே வந்துவிட்டார்! பொள்ளாச்சியில் கல்யாணம், அப்படியே வந்தேன் என்றார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நான் எண்ணுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்ஷன்! "அந்த வீச்சு எப்படிங்க?" என்று வேறு கேட்கிறார். போகும்போது நாலு காய் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். காசு வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. என்னிடம் கடன்படக் கூடாது என்று வைராக்கியம்.

கிணத்துக்கடவு போய்விட்டதா? எப்போது? இந்த டிரைவர் ரொம்ப வேகம்.

அம்மிணியா? அவள் பள்ளிக்கூடம் போன ஒரு வாரத்தில் ஒன், டூ, த்ரீ என்று சுத்தமாக மாறிவிட்டாள். நான் போயிருந்தபோது கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன் என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எனக்குச் சந்தோஷம். ஏன் சந்தோஷப்படக் கூடாது? அதற்காகத்தானே அத்தனை பாடுபட்டேன்? திரும்பி வரும்போது சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு ஊர் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

எனக்குத்தான் இன்னொரு கேடு வந்தது. அத்தனை நாள் பழகினேன் அல்லவா? ஒரு நாள் வெளியூர் வியாபாரி பக்கத்தில் நிற்கிறார், லோடு ஏற்ற முதல் இரண்டு காயை எடுத்து, கணீரென்று "ஒண்ணு" என்றேன். முதலாளி, "யோவ் நாட்ராயா! என்னய்யா சொன்ன?" என்று கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார். வீசின காயைத் திரும்ப எடுத்து, சூடம் காட்டி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். எந்த இடத்தில் எது வேண்டுமோ அது மட்டும் என் வாயில் வராது.

இப்போது நாளைக்கு இனியன் முறை. பேரன். மூன்று வயது. அதே பள்ளிக்கூடம், அதே ஹால். பாப்பாத்தி முந்தாநாளே போய்விட்டாள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். மகள் போன் செய்தாள். என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்பா, மாமா என்ன பண்றாருன்னு கேளுங்க. இனியனை மாடிப்படி ஏத்தறப்ப எல்லாம் லாபம், ரெண்டு, மூணுன்னு சொல்லிக்கிட்டே ஏத்தறாரு. அந்த நாலு தேங்காய வெச்சுக்கிட்டு, துண்டை விரிச்சு உக்காந்து, வீசி வீசி எண்ணறாரு. அவன் பாத்துட்டு ஓடியே போயிர்றான். உங்களமாரிச் சத்தமே வரலப்பா அவருக்கு!"

சிரித்துக்கொண்டு சொல்கிறாள் தம்பி. மாமனார் என்னைப் பழிப்புக் காட்டுகிறார், பெற்ற மகள் சிரிக்கிறாள். மூன்று வருஷம் ஆகியும் மனிதருக்குத் தீரவில்லை. படிக்குப் படி கேலி! அதற்காகக் காசு போட்டுத் தேங்காய் வாங்கியிருக்கிறார் என்றால் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும்?

நான் ஒரு முடிவோடுதான் போகிறேன். நாளைக்கு ஹாலுக்குள்ளேயே நுழையப் போவதில்லை. வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செருப்புக்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

ஏன் சிரிக்கிறீர்கள்?

என்னது? கேலி இல்லையா? அப்புறம் என்ன?

...பேரன் மடியில் வந்து உட்கார வேண்டும் என்றா? அவருக்கா? ஊரே அவரிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதே தம்பி. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு... அவருக்கு எதற்கு...

அந்தத் துண்டு புதுத் துண்டு. தேர்முட்டிக் கடையில் வாங்கினது. விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நான்தான் பார்த்துவிட்டு, கிழிக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். குழந்தை அதில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை.

கொஞ்சம் இருங்கள். இந்தப் பையைப் பிடியுங்கள். போன் எந்தப் பையில் வைத்தேன்... இதில் பச்சையை அழுத்தினால் போதும்தானே? சத்தம் எல்லோருக்கும் கேட்கிறதே, இதைக் குறைக்க முடியாதா? போகட்டும் விடுங்கள், எடுத்துவிட்டார்.

சம்மந்திங்களா? நாந்தானுங்க, நாட்ராயன். பஸ்ஸுலதானுங்க. ஒத்தக்கால் மண்டபம் தாண்டிட்டங்க. இல்லைங்க, ஒண்ணுமில்லைங்க. சும்மாதானுங்க கூப்பிட்டேன்.

அது... தேங்கா எண்ணறீங்கன்னு கோகிலா சொல்லுச்சுங்க. அய்யோ, தப்பில்லைங்க. நான் என்னத்துக்குங்க தப்பா நெனைக்கறேன்? அதில்லைங்க, ஒரு சின்ன விசயம். நீங்க வீசிப்போட்டு அப்பறம் எண்ணைச் சொல்றீங்கன்னு நெனைக்கறேன். அப்படிச் செய்யாதீங்க. மொதல்ல வாயில சொல்லோணும், கை பின்னாலதான் வரோணும். அப்பத்தான் பையன் உங்க வாயப் பாப்பான். ஆமாங்க. பக்கத்துல வருவான். வந்தான்னா காயைக் கையில குடுத்துருங்க, அப்பறம் எங்கயும் போகமாட்டான். அம்மிணிக்கும் அப்படித்தானுங்க ஆச்சு.

நாளைக்குங்களா? பக்கத்துலயா? நானா? இல்லைங்க, செருப்புக்கு ஆளு... சரிங்க. சரிங்க. பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ஆனா மடி உங்குளுது. அதுல நான் வரமாட்டேன். என்ர காத வேணும்னா துண்டுல கட்டிக்கறேன்.

அப்பறம் அந்தச் சத்தம்ங்க. அது தொண்டையில இருந்து வந்தாப் பத்தாதுங்க, வயித்துல இருந்து வரோணும். இப்ப ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம். வெக்கப்படாதீங்க, இங்க ஆரும் இல்லைங்க, நான் மட்டுந்தான்.

கேட்டதா தம்பி? அவர்தான். தலைமையாசிரியர்.

பத்தலைங்க சம்மந்தி. கண்டக்டரு வரைக்குந்தான் கேட்டுச்சு. பின்னாடி சீட்டுல ஒருத்தரும் திரும்பல. இன்னொருக்காச் சொல்லுங்க.